ஒரிஜினல் லேமினேட் செய்யப்படாது

திண்டிவனத்தில் கல்லூரிக்குப் போகிற சாலையில் என் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி சிவப்பு எழுத்தில் ஒரு பலகை மாட்டியிருக்கிறேன். ‘இங்கே ஒரிஜினல் சான்றிதழ்கள் லேமினேட் செய்யப்படாது.’ அதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. “இன்னாங்க இது, மிஷின வெச்சிக்கினே இல்லன்றீங்க?” என்பார்கள். நகல் எடுத்து அதை லேமினேட் பண்ணித் தருகிறேன், ஒரிஜினலைத் தொட மாட்டேன் என்று சொன்னால், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எதிரே தேவசகாயம் கடைக்குப் போய்விடுவார்கள். போகட்டும். தேவசகாயத்துக்குத் தங்கச்சி கிடையாது.

எனக்கு உண்டு. பெயர் தமிழ்ச்செல்வி. மரக்காணத்தை ஒட்டிய குப்பம் எங்கள் ஊர். நைனா பெரியதம்பி கடலுக்குப் போனார். அம்மா கிளியம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறித் திண்டிவனத்தில் மீன் விற்றாள். நான் எட்டாவதோடு நின்றவன். நின்றேன் என்றால், ஒருநாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தை விட்டால் டி.சி. என்று ஒன்று வாங்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் ஒருத்தரும் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறிப் போனதில்லை. அப்புறம் மாற்றுச் சான்றிதழ் எங்கே தெரியும்?

தமிழ்ச்செல்விக்கு மட்டும் கணக்கு வந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் டிக்கெட் வாங்கினால் அதில் இருக்கிற எண்களைக் கூட்டிப் பார்ப்பாள். ஒன்பதால் வகுபட்டால் அந்த டிக்கெட்டைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வாள். வகுபடாவிட்டால் மடித்து ஜன்னல் இடுக்கில் சொருகிவிடுவாள். “இதுல இன்னாடி கீது?” என்று அம்மா கேட்டால், “ஒண்ணும் இல்லம்மா, சும்மா” என்பாள்.

1993இல் அவள் பன்னிரண்டாவது முடித்தாள். விழுப்புரம் தனி மாவட்டமாகப் போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த வருஷம். திண்டிவனத்துக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணக்குக்கு இடம் கிடைத்தது. நான்தான் கூடப் போனேன். அங்கே வரிசையில் நின்று அவள் தன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை நீட்டினாள். அதை நாங்கள் பிஸ்கட் டப்பாவில்தான் வைத்திருந்தோம். ஆனால் எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு டப்பாவும் ஒன்றுதான், கோணியும் ஒன்றுதான். எந்தக் காகிதமும் உருப்படாது. ரேஷன் கார்டு நமுத்துக் கிழியும். கல்யாணப் பத்திரிகை முகூர்த்தத்துக்கு முன்னால் பூஞ்சை பிடிக்கும். மார்க் ஷீட்டில் பழுப்புத் திட்டுகள் விழுந்து ஒரு மூலை உதிர்ந்திருந்தது. அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த ஆபீஸ் ஆசாமி கேட்டார்.

“என்னம்மா இது, மீன் மடிச்ச காகிதமா?”

வரிசை மொத்தமும் சிரித்தது. அவர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தமிழ்ச்செல்வி அழவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குத்தான் அந்த ஆளை இழுத்துப்போட்டு நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தேன். அன்று முடிவு செய்தேன், இனிமேல் இவள் காகிதத்தைப் பார்த்து எவனும் சிரிக்கக் கூடாது என்று.

அந்த வருஷக் கடைசியில்தான் எனக்கு விழுப்புரத்தில் வேலை கிடைத்தது. மாவட்டம் வந்ததும் விழுப்புரத்துக்குக் கலெக்டர் மட்டும் வரவில்லை, ஜெராக்ஸ் கடைகளும் வந்தன. எவனைப் பார்த்தாலும் கையில் ஒரு ஃபைல். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சீனுவாசன் என்பவர் கடை போட்டு என்னை மிஷினில் நிறுத்தினார். வாரம் முழுக்க அங்கேயே தங்கல், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு. பிறகு லேமினேஷன் மிஷின் வந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் காகிதத்தை வைத்து ஒரு பக்கம் செருகினால் மறுபக்கம் சுடச்சுட, பளபளவென்று வெளியே வரும். தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. அதை முதன்முதலில் பார்த்தபோது, எங்கள் குப்பத்துக்காகவே யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். முட்டாள்.

தமிழ்ச்செல்வி மூன்று வருஷமும் அம்மாவோடு ஒரே பஸ்ஸில் போனாள். மீன் கூடைக்காரிகளைக் கண்டக்டர் கடைசி சீட்டுக்குத் தள்ளுவார். இவளும் அங்கேயே உட்காருவாள். ஒருநாள் நானும் அந்த பஸ்ஸில் இருந்தேன். அம்மா சொன்னாள், “ஏம்மே, காலேஜுக்குப் போற பொண்ணு, கவுச்சி அடிக்கப் போவுது. முன்னாடி போயி குந்து.”

“முன்னாடி சீட்டு இல்லம்மா” என்றாள் இவள்.

முன்னால் நாலு சீட்டு காலியாக இருந்தது. அதுதான் தமிழ்ச்செல்வி. ஒருத்தர் மனசு நோகும் என்றால், கண்ணெதிரே இருக்கிற சீட்டையே இல்லை என்று சொல்லிவிடுவாள். அன்று அதைக் கேட்டுச் சிரித்தேன்.

1996இல் பி.எஸ்ஸி. முடிந்தது. கல்லூரியில் இரண்டாவதாக வந்தாள். யாரோ ஒரு லெக்சரர் சொல்லி, சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எம்.எஸ்ஸி. விண்ணப்பம் போட்டாள். கல்லூரியில் படிப்பது வேறு, பல்கலைக்கழகத்துக்குள்ளேயே போய்ப் படிப்பது வேறு என்றாள். எனக்கு வித்தியாசம் புரியவில்லை, இருந்தாலும் தலையாட்டினேன். நுழைவுத் தேர்வு எழுதினாள். இருபது இடம். பட்டியலில் அவள் பதினாறாவது. கடிதம் வந்த அன்று நைனா கடலிலிருந்து திரும்பவில்லை, அம்மா சந்தையிலிருந்து வரவில்லை. வீட்டில் தனியாக இருந்திருக்கிறாள். எதிர்வீட்டு வீரம்மாளிடம் போய், “யக்கா, எனக்கு சீட்டு வந்துடுச்சு” என்றாளாம். அவள், “பஸ்ஸுலயா?” என்று கேட்டாளாம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

கடிதத்தில் தேதி போட்டிருந்தது. ஜூலையில் ஒரு திங்கட்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை சேரலாம், தவறினால் இடம் அடுத்தவருக்கு. கொண்டுவர வேண்டியவற்றுக்குப் பெரிய பட்டியல். தமிழ்ச்செல்வி ஒரு வாரம் அலைந்தாள். நூலகத்தில் கையெழுத்து, விளையாட்டுத் துறையில் கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து எல்லாம் வாங்கிக் கொடுத்த பிறகுதான் கல்லூரியில் டி.சி. எழுதினார்கள். அச்சடித்த படிவம், நீல மையில் எழுத்து, கீழே முதல்வரின் பச்சைக் கையெழுத்து, வட்ட முத்திரை. ‘நடத்தை’ என்ற இடத்தில் ‘மிக நன்று’ என்று இருந்தது. அதை எல்லாருக்கும் காட்டினாள்.

நகல் எடுக்க வேண்டுமென்று அந்த ஃபைலை ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கொடுத்தாள். வாரத்தில் எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்து, ஒரு டாக்டரிடம் போய்ப் பச்சை மையில் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் கடையைச் சாத்துவதற்கு முன்னால் ஃபைலைத் திறந்து பார்த்தேன். டி.சி.யின் ஓரம் அதற்குள்ளாகவே லேசாக வளைந்திருந்தது. ‘மீன் மடிச்ச காகிதமா’ என்ற குரல் காதில் கேட்டது. மிஷினைப் போட்டேன். மார்க் ஷீட்டுகள், நன்னடத்தைச் சான்று, டி.சி. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக உள்ளே செருகினேன். ஓரத்தை ஒரே அளவாக வெட்டி, கையில் குத்தாமலிருக்க மூலைகளை வளைத்து விட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பொறுமையாக ஒரு வேலை செய்ததில்லை.

அதற்குமுன் நூற்றுக்கணக்கில் சான்றிதழ்களை லேமினேட் பண்ணியிருந்தேன். டி.சி. மட்டும் ஒன்றுகூட வந்ததில்லை. ஏன் வரவில்லை என்று நான் யோசித்திருக்க வேண்டும். மற்றவை கையில் வைத்துக்கொள்கிற காகிதம், டி.சி. கொடுத்துவிடுகிற காகிதம். கொடுப்பதை யாராவது உறைபோட்டுப் பூட்டுவார்களா? எட்டாவதில் ஒழுங்காக டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளியில் சேர்ந்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்கும்.

மறுநாள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா வாங்கிப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “கண்ணாடி மாதிரி கீதுடா” என்றாள். பிறகு தமிழ்ச்செல்வி வாங்கினாள். டி.சி.யை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“சூப்பரா கீதுண்ணா.”

எட்டு நாள் கழித்து, சேர்க்கையின் முதல் நாளான திங்கட்கிழமை, இருவரும் சென்னைக்குப் போனோம். பெரிய கட்டடம், நீளமான கவுன்டர். ஃபைலை வாங்கிய கிளார்க் மார்க் ஷீட்டுகளைப் பார்த்தார், தலையாட்டினார். டி.சி. வந்ததும் நிறுத்திவிட்டார்.

“டி.சி.யை யாரும்மா லேமினேட் பண்ணது?”

“நான்தாங்க” என்றேன். பாராட்டப்போகிறார் என்று ஒரு நொடி நினைத்தேன்.

“ஏன்யா, இதுல நாங்க சேர்க்கை எண் எழுதணும், சீல் போடணும், ஃபைல்ல கோக்கணும். பிளாஸ்டிக் மேல எங்க எழுதறது? இது செல்லாது. வேற டி.சி. கொண்டாங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு.”

நான் “சார், சார்” என்று நாலு தடவை சொன்னேன். சார் என்பதற்கு மேல் என்ன சொல்ல வேண்டுமென்று தெரியவில்லை. எங்களுக்குப் பின்னால் ஒருவர் தன் மகளோடு நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மூக்குக்கண்ணாடி. அவர் மகளுக்கும் டி.சி. இன்னும் வரவில்லை போலிருக்கிறது, கிளார்க்கிடம் ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு என் பக்கம் திரும்பி, “தம்பி, பேனா இருக்கா?” என்றார். கொடுத்தேன். கவுன்டரிலேயே வைத்து ஒரு வெள்ளைத் தாளில் அரைப்பக்கம் எழுதினார், மகள் கையெழுத்துப் போட்டாள். கிளார்க் அதை வாங்கி வைத்துக்கொண்டார். அவர் மறக்காமல் பேனாவைத் திருப்பித் தந்து “தேங்க்ஸ்” என்றார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். என்ன எழுதினார் என்று கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் திண்டிவனம் கல்லூரி. சூப்பிரண்டு கோதண்டபாணி டி.சி.யை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நல்லாத்தான் பண்ணிக்கீற” என்றார் என்னிடம். பிறகு தமிழ்ச்செல்வியிடம் சொன்னார். “ஒரிஜினல் கையில இருக்கும்போது டூப்ளிகேட் எப்படிம்மா தர்றது? தொலைஞ்சாதான் டூப்ளிகேட். தொலைஞ்சதுன்னு போலீஸ்ல எழுதி வாங்கினு வா, அன்னிக்கே தர்றேன்.”

அன்று மதியம் விழுப்புரத்தில் சீனுவாசன் கடையில் உரித்துப் பார்க்கலாம் என்றேன். முதலில் ஒரு பழைய ரசீதை லேமினேட் பண்ணி, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி, பிளேடால் ஓரத்தைக் கீறி இழுத்தேன். பிளாஸ்டிக் வந்தது. கூடவே எழுத்தும் வந்தது. காகிதம் வெள்ளையாக என் கையில் இருந்தது, எழுத்தெல்லாம் பிளாஸ்டிக்கில் தலைகீழாக ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், டி.சி.யை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“வேணாம் விடுண்ணா. போலீஸுக்கே போலாம்.”

பையில் டி.சி.யை வைத்துக்கொண்டே அது தொலைந்துவிட்டது என்று சொல்ல, புதன்கிழமை திண்டிவனம் காவல் நிலையத்துக்குப் போனோம். ரைட்டர் கேட்டார், “எங்க தொலைஞ்சது?” எனக்குச் சட்டென்று வாயில் வந்தது, “விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுலங்க.” மூன்று வருஷமாக அந்த பஸ் ஸ்டாண்டுக்கு எதிரேயே நின்ற வாய் வேறென்ன சொல்லும்? அவர் பேனாவை மூடிவிட்டார். “அப்ப விழுப்புரம் ஸ்டேஷன் போ. இங்க எதுக்கு வந்து பேஜாரு பண்ற?” இல்லைங்க, திண்டிவனத்தில்தான் என்று மாற்றிச் சொன்னேன். “எங்க தொலைஞ்சதுன்னே தெரியல, தொலைஞ்சது மட்டும் தெரியுமா?” என்று துரத்தினார். கல்லூரி வாசல் என்று மட்டும் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

வியாழக்கிழமை விழுப்புரம். யாரோ மந்திரி வருகிறார் என்று எல்லாரும் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். சாயங்காலம் வரை ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றோம். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கையில் காகிதம் கிடைத்தது. ஓடிப்போய் பஸ் பிடித்தோம். திண்டிவனத்தில் கல்லூரிப் படியேறும்போது மணி ஒன்று. கோதண்டபாணி டூப்ளிகேட்டை எழுதியே விட்டார். முதல்வர் கையெழுத்துதான் பாக்கி. முதல்வர் கலெக்டர் ஆபீஸில் கூட்டமென்று விழுப்புரத்துக்குப் போயிருந்தார். விக்கிரவாண்டி பக்கம் எங்கேயோ எங்கள் பஸ்ஸும் அவர் ஜீப்பும் எதிரெதிரே போயிருக்கும்.

இரண்டு மணிக்கு மேல் கையெழுத்து விழுந்தாலும் ஐந்து மணிக்குள் சென்னை போய்ச் சேர முடியாது. இருவருக்கும் அது தெரியும். ஆனாலும் ஐந்து மணி வரை அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தோம். மணி ஐந்தானதும் அவள் எழுந்து தாவணியைத் தட்டிக்கொண்டு, “பசிக்குதுண்ணா” என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை கையெழுத்து வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போனோம். ஒருவேளை, ஒருவேளை என்று வழியெல்லாம் நான் சொல்லிக்கொண்டு வந்தேன். அதே கவுன்டர், அதே கிளார்க். அவருக்கு எங்களை ஞாபகம் இருந்தது. கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம், கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

“அடடா, சீட்டு வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போயிடுச்சேம்மா. ஒரு லெட்டர் எழுதிக் குடுத்திருந்தா போதுமே? டி.சி. பதினஞ்சு நாள்ல தர்றேன்னு எழுதிக் குடுத்தா சேத்துக்குவாங்க. அன்னிக்கு உங்க பின்னாடி நின்னாரே ஒருத்தர், அப்படித்தானே எழுதிக் குடுத்துட்டுப் போனாரு?”

“நீங்க சொல்லலியே சார்” என்றாள் தமிழ்ச்செல்வி.

“நீ கேக்கலியேம்மா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

என் பேனா. என் சட்டைப் பையில் இருந்த பேனாவை வாங்கி, என் கண்ணெதிரே எழுதினான். கேட்கத் தெரிந்தவனுக்குக் கதவு திறக்கிறது, தெரியாதவனுக்குக் கதவு இருப்பதுகூடத் தெரிவதில்லை. நான் கவுன்டரில் ஓங்கிக் குத்தினேன். வாயில் வந்ததெல்லாம் பேசினேன். வாட்ச்மேன் ஓடிவந்தான். தமிழ்ச்செல்வி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் அவளிடம் டிக்கெட்டைக் கொடுத்தேன். எண்களைப் பார்க்காமலே மடித்து ஜன்னல் இடுக்கில் சொருகினாள்.

மறு வருஷம் மறுபடி எழுதலாமே என்று கேட்பீர்கள். அவளும் அப்படித்தான் சொன்னாள். “போனது போவட்டும், ஒரு நல்ல எடமா பாத்துடலாம்” என்றார் நைனா. 1997இல் மரக்காணத்தில் ஐஸ் வண்டி ஓட்டுகிற அருளுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல பையன்தான். மறு வருஷம் ஷாலினி பிறந்தாள். தபாலில் எம்.எஸ்ஸி. சேர்ந்து பாதியில் விட்டாள். பிறகு திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். மேல் வகுப்பு கேட்டால், எம்.எஸ்ஸி. இல்லையே என்பார்கள். இவள் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் படித்து முடித்து அதே பள்ளிக்கு எம்.எஸ்ஸி. போட்டுக்கொண்டு வந்து, இவளுக்கு மேலே உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும், “வாங்க மிஸ்” என்று எழுந்து இடம் கொடுப்பாள்.

என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தீபாவளிக்கு வருவாள், மீன்குழம்பு கொடுத்தனுப்புவாள், என் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவாள். 2001இல் நான் திண்டிவனத்தில் சொந்தக் கடை போட்டபோது வந்து விளக்கேற்றி வைத்ததே அவள்தான். அதற்குப் பத்து நாள் கழித்து ஒருநாள் பார்த்தேன், எதிரே தேவசகாயம் கடையில் வரிசையில் நின்று ஷாலினியின் பிறப்புச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். என் கடை காலியாக இருந்தது. ரேஷன் கார்டு, சம்பளச் சான்று, வோட்டர் அட்டை எல்லாமே அங்கேதான். அன்று முதல் இன்றுவரை ஒரு துண்டுக் காகிதம்கூட என் கையில் அவள் கொடுத்ததில்லை. இதை என்னவென்று கேட்பது? நான் கேட்கவில்லை.

2011 கடைசியில் தானே புயல் வந்தது. அவள் வீட்டுக் கூரை போய்விட்டது. போய்ப் பார்த்தபோது பெட்டி முழுக்கத் தண்ணீர். அருளின் லைசென்ஸ், கல்யாண போட்டோ, பாஸ்புக் எல்லாம் கூழாகிக் கிடந்தன. அதற்குள்ளிருந்து தமிழ்ச்செல்வி அந்த ஃபைலை எடுத்தாள். டி.சி. அப்படியே இருந்தது. பதினைந்து வருஷம் உப்புக்காற்றிலும் ஒரு புயலிலும் ஓரம்கூட மஞ்சளாகவில்லை. ‘நடத்தை: மிக நன்று’ என்று பளிச்சென்று தெரிந்தது. வேடிக்கை பார்க்க வந்த வீரம்மாள் என்னைப் பார்த்து, “யப்பா அய்யப்பா, உன் கைவேலதான்டா நின்னுக்கீது!” என்றாள். தமிழ்ச்செல்வி முந்தானையால் தண்ணீரைத் துடைத்துவிட்டு அதை மறுபடி ஃபைலுக்குள் வைத்தாள். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

2019 ஜூன் மாதம். ஷாலினி அதே திண்டிவனம் கல்லூரியில் பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். கணக்குதான். அதே பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி.க்கு இடம் கிடைத்திருந்தது. அன்று காலை அம்மாவும் மகளும் கல்லூரிக்கு வந்து டி.சி. வாங்கியிருக்கிறார்கள். நேரே சென்னைக்குப் போவதாக ஏற்பாடு. தமிழ்ச்செல்வி எதிர்ப்பக்கம் தண்ணீர் பாட்டில் வாங்க நின்றாள். ஷாலினிக்கு எங்கள் பழங்கதை எதுவும் தெரியாது. நேராக என் கடைக்குள் வந்துவிட்டாள்.

“மாமா, ஜல்தி ரெண்டு காப்பி எடுங்க, பஸ்ஸு வந்துடும்.”

டி.சி.யை நீட்டினாள். கம்ப்யூட்டரில் அடித்தது. கீழே பச்சைக் கையெழுத்து மட்டும் அதே மாதிரி. நான் வாங்கினேன். மிஷின் மூடியைத் திறக்கக்கூட இல்லை, “ஷாலினி!” என்று சாலையிலிருந்து ஒரு சத்தம். ஒரு வேன்காரன் திட்டிக்கொண்டே பிரேக் போட்டான். தமிழ்ச்செல்வி ஓடிவந்து என் கையிலிருந்து அந்தக் காகிதத்தைப் பிடுங்கினாள். பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். பாட்டில் கீழே விழுந்து உருண்டது.

“இன்னாம்மா நீ, மாமா கையிலதானே குடுத்தேன்?” என்றாள் ஷாலினி.

தமிழ்ச்செல்விக்கு மூச்சு வாங்கியது. “நீ பஸ்ஸு வர்தா பாரு” என்று மகளை வெளியே அனுப்பினாள்.

இருபத்துமூன்று வருஷமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன். “ஜெராக்ஸ்தானம்மா எடுக்கப் போனேன். இன்னுமா என்மேல கோவம்? வாயத் தொறந்து ரெண்டு திட்டாவது திட்டிடேன்.”

“கோவமா?” என்றாள். காகிதத்தை மார்போடு வைத்துக்கொண்டாள். “எனக்கு அன்னிக்கே தெரியும்ணா.”

“இன்னா தெரியும்?”

“டி.சி.ய அங்க ஒப்படைக்கணும்னு பட்டியல்லயே போட்டிருந்துது. நீ எடுத்துக் குடுத்தப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அப்பறம் உன் மூஞ்சியப் பாத்தேன். அவ்ளோ சந்தோஷமா நின்னுக்கினு இருந்த. சொல்ல வாய் வரல. எப்படியாச்சும் வாங்கிக்குவாங்கன்னு சாமிய வேண்டிக்கினு கம்முனு இருந்துட்டேன். எட்டு நாள் இருந்துதுண்ணா. அன்னிக்கே சொல்லியிருந்தா எட்டு நாள் இருந்துது.”

நான் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

“அதான் உன் கையில ஒண்ணும் குடுக்கறதில்ல. நீ இன்னா பண்ணாலும் நான் நல்லாக்கீதுன்னுதான் சொல்லுவேன், எனக்கு என்னிய தெரியும். என்னுது போச்சு, பரவால்ல. இது அவளுது.”

குனிந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து தேவசகாயம் கடைக்குப் போனாள்.

இத்தனை வருஷம் என்னை நான் திட்டிக்கொள்ளாத நாளில்லை. ஆனாலும் எனக்கென்று ஒரு சாட்சி வைத்திருந்தேன். அந்த ‘சூப்பரா கீதுண்ணா’. அவளுக்கும்தான் தெரியாது, படித்தவள் அவளே சந்தோஷப்பட்டாளே, எட்டாவது படித்த எனக்கு எப்படித் தெரியும் என்று அதைச் சொல்லித்தான் தூங்கப் போவேன். முன்னால் நாலு சீட்டு காலியாக இருக்கும்போது சீட்டு இல்லை என்று சொன்னவள்தான் அதையும் சொன்னாள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லையே.

எதிர்க்கடையில் மிஷின் வெளிச்சம் இரண்டு தடவை அடித்தது. சென்னை பஸ் வந்து நின்றது, இருவரும் ஏறினார்கள். ஷாலினி மட்டும் படியில் நின்றபடி எனக்குக் கை காட்டினாள்.